கழியும் கன்றுக்கு சல்பா கூட்டு மாத்திரை: எப்போது கொடுக்கக் கூடாது?

கன்று கழிய ஆரம்பித்ததும் மருந்துக் கடையில் பலர் கேட்டு வாங்குவது, சல்பா மருந்தும் டிரைமெத்தோபிரிமும் பெரும்பாலும் 5-க்கு 1 என்ற விகிதத்தில் சேர்ந்த கூட்டு மாத்திரை. நல்ல மருந்துதான். ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றிய கன்றுக்கு இதைக் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

சல்பா பெருமளவு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, மருந்து பொடிப்பொடியான படிகமாகப் படிந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். எனவே மாத்திரையை உடைக்கும் முன் கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு நின்றாலோ, கண் குழிவிழுந்திருந்தாலோ மாத்திரை வேண்டாம். ஓ.ஆர்.எஸ். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். பாலையும் நிறுத்த வேண்டாம். எழ முடியாமல், உறிஞ்சவும் முடியாமல் கிடக்கும் கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 1962 எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இளங்கன்றுகளின் கழிச்சல் பல நேரம் ரோட்டா போன்ற வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. காய்ச்சலோ, சாணத்தில் ரத்தமோ இருந்தால்தான் இதுபோன்ற மருந்து தேவையா என்ற பேச்சே வரும். அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வளர்ந்த மாட்டுக்கு இதை வாய்வழி கொடுப்பதில் பலன் குறைவு. டிரைமெத்தோபிரிம் முதல் வயிற்றிலேயே சிதைந்துபோகும். தானியம் அதிகம் தின்று வயிறு புளித்த மாட்டுக்கு சிறுநீரும் புளிப்பாகிவிடுவதால் படிகம் சீக்கிரம் சேரும். மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு, முன்பு சல்பாவால் ஒவ்வாமை வந்தது, சினை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கறவை மாடாக இருந்தால், மருந்துச் சீட்டில் குறித்த நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

மருந்து கொடுத்தபின் சொட்டுச் சொட்டாக முக்கிச் சிறுநீர் விட்டாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, தோல் தடித்தாலோ அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். வீட்டில் யாருக்காவது சல்பா ஒத்துக்கொள்ளாது என்றால், மாத்திரையை உடைத்துப் பொடிக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள்.