விவசாய நிலமும் பெண்மக்களின் பங்கும்: ஒரு சட்டத்தின் வரலாறு

 

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஷஹீதானவர்களுள் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் ஒருவர். அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகளாரிடம் வந்தார்கள். குழந்தைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டதையும், பொருள் இல்லாமல் இப்பெண்களுக்குத் திருமணம் நடவாது என்பதையும் முறையிட்டார்கள். அதன் பின்னரே வாரிசுரிமை வசனங்கள் அருளப்பெற்றதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நபிகளார் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி பணித்தார்கள். சொத்தை 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. ஆண்பிள்ளைகளே அனைத்துக்கும் உரியவர்கள் என்ற பழைய வழக்கம் அன்று முடிவுக்கு வந்தது. ஆனால் அதே வழக்கம் நம் நாட்டில் சட்டத்தின் பெயராலேயே மீண்டும் தலைதூக்கியது. அந்த வரலாற்றை ஜமாஅத்தார் அறிந்துகொள்வது அவசியம்.

ஆங்கிலேயர் காலத்தில்

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்று கூறியது. மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘ஸிராஜிய்யா’ என்னும் பாகப்பிரிவினை நூலை 1792-இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நீதிபதிகளுக்கு மார்க்கச் சட்டத்தை எடுத்துரைக்க முஸ்லிம் சட்ட அலுவலர்கள் நீதிமன்றங்களில் இருந்தனர். 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அப்பதவிகள் நீக்கப்பட்டன.

இதற்கிடையே ‘வழக்கம்’ என்ற ஒரு சொல் நீதிமன்றத்திற்குள் நுழைந்தது. 1847-இல் பம்பாயில் கோஜா சமூகத்துப் பெண்கள் குர்ஆன் கூறும் பங்கைக் கோரினர். அச்சமூகத்தில் பெண்மக்களுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் இல்லை என்ற வாதத்தை ஏற்று, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி அவர்களின் கோரிக்கையை மறுத்தார். பஞ்சாபில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கத்திற்கே முதலிடம் கொடுத்தது. நம் மங்கலம்பேட்டை அன்று சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இம்மாகாணத்திற்கான 1873-ஆம் ஆண்டுச் சிவில் நீதிமன்றச் சட்டமும், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்று கூறியதோடு, சட்ட வலிமை பெற்ற வழக்கங்களுக்கும் இடம் வைத்தது.

1937-உம் 1949-உம்

இந்நிலையை மாற்ற ஹாஃபிஸ் முஹம்மது அப்துல்லாஹ் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். உலமாக்கள் ஆதரித்தனர். வழக்கம் என்ற பெயரில் தங்கள் உரிமை பறிபோவதை முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் கண்டித்திருந்தன. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் ஷரீஅத் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்கம் எதுவாயினும் வாரிசுரிமை, திருமணம், மஹர், ஹிபா முதலியவற்றில் ஷரீஅத்தே தீர்ப்பு என்று அது விதித்தது.

ஆனால் அதன் 2-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. விவசாய நிலம் பற்றிய பிரச்சினைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதே அது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே இதற்குக் காரணம். நஞ்சையும் புஞ்சையுமே பெரும்பாலோரின் சொத்தாக இருந்த காலத்தில், வீட்டில் பங்கு உண்டு, வயலில் வழக்கமே சட்டம் என்றால், பெண்ணுக்குக் கிடைப்பது என்ன?

சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டத்தின் மூலம் அந்த விலக்கை நீக்கியது. அன்று முதல் நம் பகுதியில் வீடு, மனை, கடை, வயல் அனைத்துக்கும் ஒரே சட்டம்தான். எல்லா மாநிலங்களுக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. உத்தரப் பிரதேசத்தின் 1950-ஆம் ஆண்டு நிலச் சட்டம், விவசாய நிலத்தில் மகளை மகனுக்குப் பின்னால் நிறுத்தியது.

நாம் செய்வது என்ன?

ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு மவுத்தானார். அவருடைய நிலம் 4 ஏக்கர் என்று கொள்வோம். கஃபன் செலவு, கடன், கொடுபடாத மஹர், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை முதலில் நீங்கும். நிலம் முழுதும் மிஞ்சினால் மனைவிக்கு 50 செண்ட், மகன் ஒவ்வொருவருக்கும் 140 செண்ட், மகளுக்கு 70 செண்ட்.

“நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தோமே, அதுவே அவள் பங்கு” என்று சிலர் கூறுகின்றனர். தந்தை உயிருடன் இருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. பங்கு என்பது மரணத்திற்குப் பின்னரே பிறக்கும் உரிமை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. தந்தை வாழும்போதே மகளிடம் வாங்கும் விடுதலைப் பத்திரமும் இவ்வாறே, பிறவாத உரிமையை விட்டுக்கொடுப்பதாகும். தனியே அது செல்லாது. எனினும் பிரதிபலன் பெற்றுக்கொண்டு, பிறர் அதை நம்பி நடக்கும்படி செய்தவர் பின்னர் உரிமை கோர இயலாமற் போகலாம் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கையெழுத்திடும் முன் பெண்கள் விவரம் அறிந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம். தந்தையின் மரணத்திற்குப் பின் மனமொப்பி விட்டுக்கொடுப்பதாயின், அதற்கான பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதைக் காட்டுமேயன்றி, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்காது. பட்டாவில் மூத்த மகன் பெயர் மட்டும் இருப்பதனால் சகோதரியின் பங்கு அழிந்துவிடாது.

வாழும்போதே கொடுக்க விரும்புவோருக்கு ஹிபா உண்டு. கொடுப்பதாக அறிவித்தல், ஏற்றல், ஒப்படைத்தல் மூன்றும் நிறைவேறினால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். அதை எழுதி வைத்த தாள் பதிவு செய்யப்படாததனால் மட்டும் ஹிபா செல்லாமற் போகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பிற்காலத் தகராறைத் தவிர்க்கப் பதிவே நலம். தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து நபிகளாரைச் சாட்சியாக்க வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று வினவி, நபிகளார் சாட்சியாக மறுத்த செய்தியை ஹிபா எழுத எண்ணுவோர் மறக்கலாகாது.

ஜமாஅத்தாரே! முன்பு நீதிமன்றமும் சட்டமும் நம் பெண்மக்களின் பங்கைத் தடுத்தன. நம் மாகாணத்தில் 1949-இல் கடைசித் தடையும் அகன்றது. அதன் பிறகும் ஒரு சகோதரிக்குப் பங்கு சேரவில்லையென்றால், தடுப்பவர் அவளுடைய உடன்பிறந்தவரேயன்றி வேறு எவரும் அல்லர். அவள் வெட்கத்தால் வாய் திறவாதிருப்பது சம்மதம் ஆகாது. மய்யித்தை அடக்கிய பின், காலம் தாழ்த்தாமல், ஆலிம் ஒருவரையும் சட்டம் அறிந்த ஒருவரையும் வைத்துக் கணக்குப் பார்த்து, அவரவர் பங்கை அவரவர் கையில் சேர்ப்போமாக. அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.