பர்மா சாலையும் லாரிப் பட்டையும்

லாரி என்றதும் இன்ஜின்தான் நினைவுக்கு வரும். ஆனால் கரடுமுரடான சாலையில் முதல் அடி வாங்குவது முன்பக்கப் பட்டைகள்தான்! பர்மா சாலை இதற்கு நல்ல உதாரணம்.

சீனத் துறைமுகங்களை ஜப்பான் பிடித்துக்கொண்டதால், 1938-ல் லாஷியோவிலிருந்து குன்மிங் வரை சுமார் 1,150 கி.மீ. மலைச்சாலை போடப்பட்டது. சுமார் 2 லட்சம் பேர் பெரும்பாலும் கையாலேயே மண் வெட்டி, கல் உடைத்துப் போட்ட சாலை அது.

இறக்கத்தில் பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாயும். அந்த நேரம் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பட்டை இன்னும் வளையும். இப்படிப் பல்லாயிரம் முறை வளைந்தால் எஃகு தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, ஒருநாள் முறியும். சேறும் தூசியும் பின், புஷ்களுக்குள் புகுந்து அரம்போல் ராவும். ஸ்டியரிங் ஆட்டம் காணும். மலை வளைவில் அது உயிர்ப் பிரச்சினை.

எனவே டிரைவர்கள் மட்டும் போதவில்லை. 1939-ல் டான் கா கீயின் அழைப்பை ஏற்று, மலாயா, சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து சுமார் 3,200 சீன வம்சாவளியினர் போனார்கள். அவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு.

1942-ல் லாஷியோ ஜப்பானிடம் விழுந்தது. போனவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை. போரை நடத்தியவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. உடைந்த பட்டையை மாற்றியவர்களின் பெயர்?