காதடிக் கட்டியும் ஒரு பெயரின் வரலாறும்

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் இர்வின் சாலை வழியே செல்வோர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியை அறிவர். 1924இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930இல் மைசூருக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், மேலைநாட்டு நோயியல் அறிஞர்கள் நரம்பில் தோன்றும் ஒரு கட்டிக்கு என்ன பெயரிடுவது என்று வழக்காடிக்கொண்டிருந்தனர். சொற்சண்டை போலத் தோன்றினாலும், அதில் நோயாளியின் முகமே பணயமாக இருந்தது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் காதின் முன்னே வீங்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை நாம் அறிவோம். கண் மூடவும் புன்னகைக்கவும் உதவும் முகநரம்பு அச்சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை பிரிகிறது. அச்சுரப்பியில் உமிழ்நீர் சுரப்பதில் அதற்குப் பங்கில்லை, அங்கே அது வெறும் வழிப்போக்கன். மிக அரிதாக அந்நரம்பிலேயே புற்றல்லாத கட்டி ஒன்று வளர்கிறது. பெரும்பாலும் வலி இராது, முகமும் கோணாது. ஆகவே சுரப்பியின் வழக்கமான கட்டி என்றே மருத்துவர் எண்ணுவார். ஊசிவழிச் சோதனையும் பல வேளைகளில் தெளிவு தராது. அறுவையின்போது நரம்பைத் தேடிச் செல்பவர், அது கட்டிக்குள்ளேயே சென்று மறைவதைக் கண்டு திகைப்பார்.

நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களை 1839இல் விவரித்தவர் தியோடோர் ஷுவான். 1910இல் வெரோகாய் (உருகுவேயில் பிறந்து பிராகில் ஆய்ந்தவர்) இக்கட்டியைத் தனிவகையாகப் பிரித்து 'நியூரினோமா' என்றார். அணிவகுத்து எதிரெதிர் நிற்கும் அதன் உட்கருக்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1932இல் மாசோன் 'ஷுவானோமா' என்றார். 1935இல் ஸ்டவுட் 'நியூரிலெமோமா' என்றார். கட்டி உறையணுவில் பிறந்ததா, நார்த்திசுவில் பிறந்ததா என்பதே வழக்கின் உயிர்நிலை. 1940இல் மார்கரெட் மர்ரேயும் ஸ்டவுட்டும் கட்டியின் அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவை ஷுவான் அணுக்களே என்று காட்டினர். என் பார்வையில் இவ்வரலாற்றின் மிக அழகிய சோதனை அதுவே.

இவ்வகைப் பிரிப்பின் பயன் அறுவை மேசையில் தெரியும். நரம்புநார்க் கட்டியில் நரம்பிழைகள் கட்டிக்குள்ளேயே பின்னிக் கிடக்கும். ஷுவானோமாவோ அவற்றை ஓரத்திற்குத் தள்ளிவிட்டு வளர்வது. எனவே நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் உரித்தெடுக்க இடமுண்டு. முகநரம்பில் அதுவும் எப்போதும் கைகூடுவதில்லை. வெட்டினால் வேறோர் நரம்புத்துண்டை ஒட்டவைக்கலாம். ஆயினும் பழைய புன்னகை முழுமையாகத் திரும்பாது. ஆதலால், கட்டி இன்னதென்று உறுதிப்பட்டு, முகமும் நன்றாக இயங்குமாயின், இன்று பல அறுவை வல்லுநர்கள் அதைத் தொடாமல் விட்டு, எம்.ஆர்.ஐ. படங்களின்வழி ஆண்டுதோறும் கண்காணித்து வருகின்றனர்.