மிட்டாய்த் தட்டும் மோட்டார் பேயும்

அக்டோபர் 31 இரவு. அமெரிக்கப் புறநகர் வீடொன்றின் வாசற்படியில் ஒரு சிறுமி கால் வைத்ததும் புல்தரையில் கிடக்கும் சவப்பெட்டியின் மூடி தானாகத் திறக்கிறது. மாடி ஜன்னலுக்குள் வெள்ளை உருவம் ஒன்று கைகளை அசைத்தபடி மிதக்கிறது. இந்த மாதிரி ஹாலோவீன் பேய்களில் பல, கடையில் வாங்கியவை அல்ல. கார் வைப்பர் மோட்டார், பழைய கணினியின் பவர் சப்ளை, பிளாஸ்டிக் குழாய் இவற்றைக் கொண்டு வீட்டுக்காரரே செய்தவை. எலெக்ட்ரானிக் சாமான்கள் மலிந்தன, அதனால் பேய்க்கும் மின்சாரம் வந்தது என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். நாட்டுப்புற வழக்கத்தை இயந்திரம் விழுங்கிவிட்டது என்று வருந்துகிறவர்களும் உண்டு. இரு தரப்பாருமே கருவியைப் பார்க்கிறார்கள், அதை வைத்திருக்கும் கையைப் பார்ப்பதில்லை. ஹாலோவீனில் யார் யாரைப் பயமுறுத்துவது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தலைகீழானது. மோட்டார் பேய் அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குப் பிறந்த பிள்ளை.

பழைய ஏற்பாட்டில் பயமுறுத்துகிறவன் தெருவில் இருந்தான். வீட்டுக்குள் இருந்தவர்கள் பயந்தார்கள். அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் மேயோ மாவட்டக் கிளையில் டர்னிப் கிழங்கு விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. மூலக் கிழங்கு டோனகல் மாவட்டத்து ஃபின்டவுனைச் சேர்ந்தது. குழிந்த கண்ணும் இளித்த பல்லுமாக, வற்றிப்போன மனித முகம் போலவே இருக்கும் அதைப் பார்த்தால், இன்றைய பரங்கிக்காய் விளக்கு குழந்தை விளையாட்டாகத் தோன்றும். அழகுக்காகச் செதுக்கியது அல்ல அது. இருட்டில் வருகிறவரைத் திடுக்கிட வைக்கப் பையன்கள் கையில் ஏந்தியது. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு கடல் கடந்த ஐரிஷ் மக்களோடு அந்தக் குறும்பும் அமெரிக்கா போனது. அங்கே பையன்கள் நூல்கண்டுக் கட்டையின் விளிம்பில் பல் வெட்டி, கயிறு சுற்றி, பிறர் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் வைத்து இழுத்தார்கள். வீடே நொறுங்குவது போல 'கடகட'வென்று சத்தம் எழும். வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் பையன் மறைந்திருப்பான். ஹாலோவீனின் மூத்த கைவினைக் கருவிகளில் இதையும் ஒன்று என்று சொல்ல வேண்டும். கவனியுங்கள்: பையன்களுக்கு மோட்டாரும் பேட்டரியும் செய்யக் கற்றுத்தந்த ஆல்ஃபிரட் மார்கனின் 'தி பாய் எலெக்ட்ரீஷியன்' 1913லேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் நூல்கண்டே போதுமாக இருந்தது. ஓடி மறைய வேண்டியவனுக்குச் சட்டைப்பையில் அடங்கும் கருவிதான் தோது.

1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் குறும்பு வன்முறையானது. கார்கள் கவிழ்க்கப்பட்டன, தெருவிளக்குகள் உடைந்தன. ஊர்ப் பெரியவர்கள் போலீஸை நம்பியதோடு நிற்கவில்லை. பையன்களுக்கு வேறு வேலை கொடுக்கப் பார்த்தார்கள். வீட்டு நிலவறையை இருட்டாக்கி, சுவரில் பழைய ரோமத்தோலையும் ஈரல் துண்டுகளையும் தொங்கவிட்டு, முகத்தில் ஈரப் பஞ்சு உரசும்படி செய்து பையன்களை உள்ளே நடக்கவிடலாம் என்று 1937இல் ஒரு விருந்துக் கையேடு யோசனை சொன்னது. அதே காலத்தில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கமும் பரவியது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்த பிறகு அது நாடெங்கும் வேரூன்றியது. மிட்டாய் ஒருவகைக் கப்பம்தான். கொடுத்துவிட்டால் குறும்பு கிடையாது. கப்பம் வாங்கிக்கொண்ட பையன் பயமுறுத்தும் உரிமையை இழந்தான். அது வீட்டுக்காரர் கைக்கு மாறியது.

ஆனால் அவர் கை சும்மா இல்லையே! கதவைத் திறக்க வேண்டும், தட்டை நீட்ட வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் வேஷத்தையும் பார்த்து வியக்க வேண்டும். ஒளிந்திருந்து கயிறு இழுக்க இன்னொரு ஆள் கிடைக்காத வீட்டில் பேய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டாக வேண்டும். 1964இல் டிஸ்னி நிறுவனம் பேய் வீட்டு ஓசைகளை இசைத்தட்டாக வெளியிட்டது. ரெக்கார்டு பிளேயரை ஜன்னலோரம் வைத்துவிட்டால் முனகுவதற்கு ஆள் வேண்டியதில்லை. பின்னால் வந்த ஜன்னல் பேய் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உயரத்தில் ஒரு சட்டம், அதில் வைப்பர் மோட்டார், மோட்டாரின் அச்சில் ஒரு புயம். புயத்திலிருந்து மூன்று நூல்கள் வளையங்கள் வழியாகப் பொம்மையின் தலைக்கும் இரு கைகளுக்கும் இறங்கும். புயம் ஒருமுறை சுற்றும்போது மூன்று நூலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. தலை தாழும்போது ஒரு கை உயரும், மற்றது பாதி வழியில் நிற்கும். மிதப்பது போன்ற தோற்றம் அந்த முன்பின்னில்தான் இருக்கிறது. வைப்பர் மோட்டாருக்குள் புழுப்பல் சக்கரம் இருப்பதால் சுழற்சி மெதுவாகவும் இழுவிசை வலுவாகவும் கிடைக்கும்; 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் கொடுத்தால் இன்னும் நிதானமாகும். ஆளைக் கண்டதும் திறக்கும் சவப்பெட்டிக்குக் கண்ணாக இருப்பது உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார். திருடனைக் கண்டு விளக்கெரிப்பதற்கு வீட்டு வாசல்களில் மாட்டிய அதே வகைக் கண்; இங்கே மிட்டாய்க்கு வரும் ஆறு வயதுக்காரியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இவற்றுக்குக் கேளிக்கைப் பூங்காக்கள்தானே முன்மாதிரி என்று கேட்கலாம். 1969இல் டிஸ்னிலாந்தில் திறந்த பேய் மாளிகை பலரின் கற்பனையைத் தூண்டியது உண்மை. ஆனால் அதன் நடன மண்டபத்தில் ஆவிகளைக் காட்டும் சாய்கண்ணாடி உத்தியை, ஜான் ஹென்றி பெப்பர் லண்டன் மேடையில் 1862லேயே காட்டிவிட்டார். நூறாண்டுக் காலம் அது கொட்டகையை விட்டு வீட்டு வாசலுக்கு வரவில்லை என்றால், குறைவாக இருந்தது உத்தி அல்ல, தேவை. டென்னிசன் நிறுவனம் 1909 முதல் வெளியிட்ட அலங்காரக் கையேடுகளைக் காட்டியும் என்னை மறுக்கலாம். வீட்டார் அப்போதே ஹாலோவீன் சோடனை செய்தார்களே என்று. செய்தார்கள், ஆனால் அந்தக் கிரேப் தாள் பூனைகளும் சூனியக்காரிகளும் அழைத்த விருந்தினருக்கானவை, வாசலில் வந்து நிற்கும் அயலாரை அலறவைக்க அல்ல. மூன்றாவது கேள்விதான் கடினம். தேவை 1947க்குப் பின்னேயே வந்துவிட்டதென்றால் வீட்டு மோட்டார் பேய் ஏன் 1990கள் வரை ஊர் அறியாமல் இருந்தது? இங்கே விலைக்கும் அறிவுப் பரிமாற்றத்துக்கும் உரிய பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். 1972இல் விற்பனைக்கு வந்த 555 டைமர் சில்லு, காயலான் கடையில் குவிந்த கார் உதிரிகள், 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் பிறந்த ஆர்டுயினோ என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை வேகத்தைக் கூட்டின. திசையை அவை தீர்மானிக்கவில்லை. திசை ஏற்கெனவே வாசலை நோக்கித் திரும்பியிருந்தது.

வேஷத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். லியா பியூக்லி வடிவமைத்த லிலிபேட் பலகை 2007இல் கடைக்கு வந்தபின், மின் கடத்தும் நூலால் சட்டையிலேயே சுற்றைத் தைத்துக்கொள்ள முடிந்தது. குழந்தைகளின் சிறகும் கிரீடமும் எல்.இ.டி.யில் மின்னின. டோனகல் பையன் ஒளிக்குப் பின்னால் மறைந்து நின்றான். இந்தக் குழந்தையோ கார்க்காரர் கண்ணில் படுவதற்காகவும் ஒளியை உடுத்திக்கொள்கிறது. பயமுறுத்தும் வேலை அதற்கு இல்லை.

வீட்டுப் பேய்க்கு இப்போது கடைப் போட்டி பலமாகிவிட்டது. 2020இல் ஹோம் டிப்போ 12 அடி எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்றது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெருந்தொற்று வேறு; குழந்தைகளை நெருங்காமல் மிட்டாயை எப்படிக் கொடுப்பது என்ற சிக்கல். கார் ஷெட்டுகளில் மறுபடியும் ரம்பச் சத்தம் கேட்டது. ஆறடி நீளக் குழாயைப் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்த்துக் கட்டி, எல்.இ.டி. சரம் சுற்றி, மேல் முனையில் மிட்டாயைப் போட்டார்கள். கீழ் முனையில் பையை விரித்துக் குழந்தை நின்றது. பேயை ஏற்கெனவே மோட்டாரிடம் கொடுத்திருந்த வீட்டுக்காரர், அந்த வருஷம் தட்டு நீட்டுகிற வேலையையும் ஒரு பிளாஸ்டிக் குழாயிடம் ஒப்படைத்தார்.