வடபுலப் பாதையின் வேகம்: ஒரு அறிவிப்பை வாசிக்கும் முறை பற்றி

இலங்கையில் போருக்குப் பிந்திய வடபுல இருப்புப் பாதை பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றியிருக்கிறார்கள். ஒரு சாரார் கொழும்பு – யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவியை நினைவின் சின்னமாகவும் நல்லிணக்கத்தின் அரங்காகவும் கொண்டனர். மற்றவர்கள் பாதைக்கு வந்த இந்தியக் கடனைச் சீனக் கடனில் வந்த நெடுஞ்சாலைகளுக்கு எதிரே நிறுத்தி வல்லரசுப் போட்டியைக் கண்டனர். கொழும்புக் கோட்டையில் ஏறியவர் யாழ்ப்பாணத்தில் எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்ற கேள்வி இரண்டு வகை எழுத்திலுமே இல்லை. வேகத்தைத் தொட நேரும்போது அரச அறிவிப்பில் உள்ள எண்ணை அப்படியே எடுத்தாளுகிறார்கள். அந்த எண்ணை நம்பியே, அடுத்த கட்டம் அதிவேக ரயில்தான் என்ற முடிவுக்கும் சிலர் வந்துவிட்டார்கள். இந்த முடிவு தவறான வாசிப்பில் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த எண் 100. மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடையிலான 128 கிலோமீற்றர் பாதை இந்தியக் கடனுதவியில் இரண்டு கட்டங்களாகப் புதுப்பிக்கப்பட்டது. அநுராதபுரம் – ஓமந்தைப் பகுதி 2023 ஜனவரியில் மூடப்பட்டு அதே ஆண்டு ஜூலையில் திறந்தது. மாகோ – அநுராதபுரம் பகுதி 2024 ஜனவரியில் மூடப்பட்டு ஒக்டோபரில் திறந்தது. 2025 ஏப்ரலில் அநுராதபுரத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் இதை முறைப்படி தொடக்கி வைத்தனர். வண்டிகள் இனி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடலாம் என்பதே இந்தத் திட்டத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட செய்தி.

இந்தச் செய்தி பொய் அல்ல. தண்டவாளம் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை அது சொல்கிறது. பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது சொல்லவில்லை. முன்பு இந்தப் பகுதியில் வண்டி சுமார் 60 கிலோமீற்றரில் ஓடியது என்று கொள்வோம். 128 கிலோமீற்றரைக் கடக்க 128 நிமிடம் பிடிக்கும். எங்கும் நிற்காமல் 100இல் ஓடினால் 77 நிமிடம் போதும்; மிச்சம் 51 நிமிடம். இது பெரிய ஆதாயம். அதே பகுதியில் வேகத்தை 120 ஆக்கினால் மேலும் மிச்சமாவது 13 நிமிடம் மட்டுமே. மந்தமான இடத்தைச் சீராக்குவதில் கிடைக்கும் நேரம், ஏற்கெனவே விரைவான இடத்தை மேலும் விரைவாக்குவதில் கிடைப்பதில்லை. அந்த 13 நிமிடத்தைத் தின்றுவிட, எதிர்வண்டிக்கு வழிவிட ஒரே ஒரு நிலையத்தில் காத்து நிற்பது போதும்.

இந்தக் காத்திருப்பைத்தான் முந்தைய ஆய்வுகள் கணக்கில் எடுக்கவில்லை. கோட்டையிலிருந்து பொல்காவலை வரை இரட்டைப் பாதை. அங்கிருந்து வடக்கே ஒற்றைப் பாதை. பொல்காவலையிலிருந்து குருநாகல் வழியாக மாகோ வரையான ஏறத்தாழ 65 கிலோமீற்றரில் வடக்கு வண்டிகள் மட்டும் ஓடுவதில்லை. மாகோவில் பிரிந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போகும் வண்டிகளும் இதே தண்டவாளத்தில்தான் போய்வருகின்றன. இவற்றோடு சரக்கு வண்டிகளும் எண்ணெய் வண்டிகளும் சேர்கின்றன. ஒரு வண்டி தாமதித்தால் எதிரே வரும் வண்டி நிற்கும். அதன் பின்னால் வருவதும் நிற்கும். இந்தியக் கடனில் புதுப்பிக்கப்பட்ட பாதையோ மாகோவில்தான் தொடங்குகிறது. வேகம் கூட்டப்பட்ட பகுதி, நெரிசல் முடியும் இடத்தில் ஆரம்பமாகிறது என்பதை அறிவிப்பையும் பாதை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எவரும் காணலாம். இதுவரை அப்படி வைத்துப் பார்க்கப்படவில்லை என்பது வியப்பாகவே இருக்கிறது.

ஓமந்தைக்கு வடக்கேயும் இதே பாடந்தான். 1990 ஜூனில் நின்ற சேவை, இந்தியாவின் இர்கொன் நிறுவனத்தின் மீள்கட்டுமானத்தால் படிப்படியாகத் திரும்பியது: 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. நாட்டின் மிகச் சிறந்த தண்டவாளங்களில் ஒன்று இப்படி வடகோடியில் அமைந்தது. வடகோடியில் வெல்லும் நிமிடங்களைக் குருநாகலுக்கு அருகே இழக்கும் வண்டிக்கு அந்தத் தண்டவாளத்தால் முழுப் பயன் இல்லை.

கோட்டை – யாழ்ப்பாணம் தூரம் சுமார் 400 கிலோமீற்றர். நகர்சேர் கடுகதிக்கும் யாழ்தேவிக்கும் ஆறு முதல் ஏழு மணி நேரம் என்று வைத்தால் சராசரி வேகம் 57 முதல் 67 கிலோமீற்றர் வரைதான். 100 என்ற எண்ணுக்கும் இந்தச் சராசரிக்கும் இடையிலான வெளியில்தான் நம் ஆய்வு நடந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், 2025 ஏப்ரல் நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒன்று முன்னுக்கு வருகிறது: மாகோ – அநுராதபுரம் பகுதிக்கு இந்திய நன்கொடையாகக் கிடைத்த நவீன சமிக்ஞைத் தொகுதி. ஒற்றைப் பாதையில் எந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது சமிக்ஞைதான். என் மதிப்பீட்டில், பயண நேரத்தின் உறுதிப்பாட்டுக்கு 100 என்ற எண்ணைவிட இதன் பங்கு கூடுதலாக இருக்கும்.

அதிவேக ரயிலை முன்மொழிபவர்கள் ஜப்பானைக் காட்டுவார்கள். 1964 ஒக்டோபரில் தொக்கைதோ அதிவேகப் பாதை திறந்ததற்கு வேக மோகம் காரணம் அல்ல. 1,067 மில்லிமீற்றர் அகலத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இரட்டைப் பாதை நிரம்பி வழிந்ததால்தான் தனிப் பாதை தேவைப்பட்டது. நம்முடையதோ 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதை; அதில் பாதிக்கு மேல் இரட்டைப் பாதையையே கண்டதில்லை. இரட்டைப் பாதை நிரம்பிய பின் ஜப்பான் எடுத்த முடிவை, பெரும்பகுதியில் இரட்டைப் பாதையே இல்லாத நாடு எடுக்க வேண்டியதில்லை.

நமக்குப் பொருந்தும் ஒப்பீடு பக்கத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை – கோயம்புத்தூர் வந்தே பாரத், 495 கிலோமீற்றரை ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் கடந்தது. சராசரி சுமார் 85 கிலோமீற்றர். அதுவும் 1,676 மில்லிமீற்றர் பாதைதான்; ஆனால் இரட்டிப்பாக்கி, மின்மயமாக்கிய பாதை. அந்தச் சராசரியில் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாலேமுக்கால் மணி நேரம்.

இந்த நாலேமுக்கால் மணி நேரத்தின் பொருளை விளங்கிக்கொள்ள, கொழும்பின் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் ரயில் விமானத்தை வெல்லும் என்ற அளவுகோல் பரிஸ் – லியோன், மட்ரிட் – செவிய்யா போன்ற பாதைகளின் அனுபவத்திலிருந்து பெறப்பட்டது. இங்கே ரயிலுக்குப் போட்டி விமானம் அல்ல. இரத்மலானை – பலாலி விமானங்கள் சிறியவை, ஆசனங்களும் சொற்பம். உண்மையான போட்டி, மாலையானதும் காலி வீதியோரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு புத்தளம், அநுராதபுரம் வழியாக விடியும்போது யாழ்ப்பாணம் சேரும் இரவு பஸ். பஸ்ஸில் போகிறவர் வேகத்துக்காகப் போவதில்லை. பகல் பொழுதை இழக்காமல், வீட்டுக்கு அருகிலேயே ஏறலாம் என்பதற்காகப் போகிறார். வசதியுள்ளவர் வான் பிடிக்கிறார், அல்லது சொந்தக் காரில் போகிறார். ஏ9 வீதியின் இரவு விபத்துகளில் உயிரிழப்பவர்களில் இவர்களும் உண்டு. பஸ்ஸின் வெற்றியை ரயிலின் தோல்விக்குச் சான்றாகக் காட்டும் வாதம் இந்தக் காரணங்களைப் பார்க்கவில்லை.

ஆகவே இந்தப் பாதைக்கான அளவுகோல் மூன்று மணி நேரம் அல்ல, ஐந்துக்குச் சற்றுக் குறைவானது. இப்போது விடியற்காலையில் ஏறுபவர் யாழ்ப்பாணம் சேரும்போது அலுவலக நாளின் பாதி போய்விடுகிறது. நாலேமுக்கால் மணி நேரத்தில் என்றால், ஐந்து மணிக்கு ஏறியவர் பத்து மணிக்கு முன்பே காணிப் பதிவகத்திலோ போதனா வைத்தியசாலையிலோ இருப்பார். மாலை நாலரைக்கு ஏறினால் ஒன்பதேகாலுக்குக் கோட்டைக்குத் திரும்பிவிடுவார். ஒரே நாளில் போய்வரலாம் என்ற நிலை வந்தால் பிரயாணத்தின் இயல்பே மாறும். தாய் தகப்பனை ஊரில் விட்டுக் கொழும்பில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வாழ்க்கையையே மாற்றும். வடக்கு வண்டிகளைக் கல்கிசையிலிருந்து புறப்படச் செய்யும் ஏற்பாடும் இந்த வகையில் மதிப்புள்ளது. கடற்கரைப் பாதையில் வெள்ளவத்தையிலேயே ஏற முடிந்தால் பஸ்ஸின் வசதியில் ஒரு பகுதி ரயிலுக்கும் கிடைக்கும். கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்த வாய்ப்பு இல்லை. கோட்டைக்கோ மருதானைக்கோ விடியுமுன் போய்ச் சேர அவருக்கு நம்பகமான இணைப்பு பஸ் வேண்டும்.

2022 ஏப்ரலில் கடனடைப்பை நிறுத்திய நாட்டுக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்பார்கள். அதிவேகப் பாதைக்கு எதிராக அந்தக் கேள்வி முழு வலுவோடு நிற்கிறது; பொல்காவலை – மாகோ இடையிலான 65 கிலோமீற்றரை இரட்டிப்பாக்குவதற்கு எதிராக நிற்கவில்லை. பிரயாணிகள் போதாது என்பவர்கள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆசனம் பதிவு செய்து பார்க்கட்டும். யானைகள் கடக்கும் இடங்களில் இரவு வேகம் குறையத்தான் வேண்டும், குறையட்டும். நான் பேசுவது பகல் வண்டியைப் பற்றி.

இனி இந்தப் பாதையில் செலவிடப்படும் முதல் ரூபாய் பொல்காவலைக்கும் மாகோவுக்கும் இடையே செலவாக வேண்டும். புகையிரதத் திணைக்களம் வேக அறிவிப்பு ஒவ்வொன்றோடும் கோட்டை – யாழ்ப்பாணப் பயண நேரம் எத்தனை நிமிடம் குறைந்தது என்பதையும் வெளியிட வேண்டும். ஆய்வாளர்களும் அந்த நிமிடக் கணக்கைக் கேட்டு வாங்கிய பின்பே எழுத வேண்டும்.