முகமில்லாத ராட்சசன்

ஐ.பி.எம். மெயின்பிரேம் பார்த்திருக்கிறீர்களா? ஆளுயர பீரோ. பெரிய பெரிய வங்கிகளின் கணக்கெல்லாம் அதற்குள்தான். ஆனால் பாருங்கள், கிராபிக்ஸ் கார்டு கிடையாது! 1971-ல் வந்த 3270 டெர்மினலில் எழுத்து தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. 2000 வாக்கில் உள்ளே லினக்ஸ் குடிவந்ததும் ஆரம்பித்தது வம்பு. ஜன்னல், பட்டன் எல்லாம் கேட்டது. எங்கே காட்டுவது?

ஒரு வழி, எக்ஸ் விண்டோ. 1984-ல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளர் உருவாக்கியது. ஸ்டான்ஃபோர்டின் ‘டபிள்யூ’வை மாற்றி எழுதியதால் அடுத்த எழுத்து, ‘எக்ஸ்’. (பேர் வைக்க அவ்வளவுதான் மெனக்கெட்டார்கள்!) இதில் மெயின்பிரேம் படம் அனுப்பாது. ‘இங்கே கோடு போடு’ என்று உத்தரவு மட்டும் போடும். வரைவது உங்கள் மேஜைக் கம்ப்யூட்டர். பக்கத்து அறையென்றால் பிரமாதம். தூரத்து ஊரென்றால் ஆமை வேகம். நடுவில் லைன் அறுந்தால் புரோகிராமும் காலி. ராத்திரி பூரா ஓடிய இன்ஸ்டலேஷன் அதோடு போச்சு!

கேம்பிரிட்ஜ் ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்த வி.என்.சி. வேறு ரகம். மெயின்பிரேமே தன் மெமரியில் கற்பனைத் திரை விரித்து வரைந்துகொள்ளும். மாறிய புள்ளிகள் மட்டும் உங்களுக்கு வரும். லைன் போனாலும் உள்ளே வேலை நடக்கும். மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கலாம்.

இன்ஸ்டலேஷனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மெயின்பிரேமில் பிராசசர் நேரம் பொன் விலை. வேலை முடிந்ததும் திரையைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.