படமும் வாசகமும்

படத்தின் கீழ் எழுதப்படும் ஒற்றை வரி அப்படத்தின் பொருளையே மாற்றிவிடும் வல்லமை உடையது. இன்று கைப்பேசிகளில் உலவும் 'மீம்'களைக் கண்டு, இது புத்தம்புதிய கலை என்று வியப்போர் உளர். ஆனால் தமிழில் இக்கலைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் வாசகருக்கு அது புதுமை. அன்னிய ஆட்சியைச் சாடிய அப்படங்களுக்கு விளக்கக் குறிப்புகளும் தேவைப்பட்டன. படம் கண்ணைக் கவர்ந்தது. குறிப்பு அரசியலைக் கற்பித்தது. 1908இல் அவ்விதழில் வெளியானவற்றுக்காக, சட்டப்படி அதன் ஆசிரியராயிருந்த சீனிவாசன் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். பத்திரிகை புதுச்சேரிக்குப் பெயர்ந்தது.

ஈழத்தில் இக்கலையை வளர்த்தவர் 'சுந்தர்' என்னும் சிவஞானசுந்தரம். 1964இல் கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அவர் படைத்த சவாரித் தம்பரை வாசகர் நன்கறிவர். ஆகவே விளக்கம் வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் இரண்டொரு வரி போதுமானதாயிற்று.

மீம் இன்னும் ஒரு படி சென்றுள்ளது. அதன் படமே இரவல். 2001இல் வெளிவந்த 'ஃபிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சி, 2019இல் உலகெங்கும் பரவியது. காட்சியை மக்களின் நினைவு தருகிறது. வாசகம் அதனை அன்றைய நிகழ்ச்சியோடு பிணைக்கிறது. ஆயின் அதில் எவரும் கையெழுத்திடுவதில்லை. 'இந்தியா'வின் எழுத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். பெயரற்ற மீமுக்கு யார் பொறுப்பு?

குருநகர்க் கடற்றொழிலாளருக்கு இக்கேள்வி வெறும் கலை விவாதமன்று. எல்லை தாண்டி வந்து அடிக்கடலை வாரிச் செல்லும் இழுவைப் படகொன்றின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 'எங்கள் வலையை அறுத்தது யார்?' என்று எழுதினால், அது உழைப்பவனின் முறையீடு. அக்கரைத் தொழிலாளியை இழித்து ஒரு வரி எழுதினால், அதே படம் பகைக்கு வித்தாகிறது. 'இப்படகின் முதலாளி யார்?' என்று கேட்டாலோ, கூலிக்குக் கடலேறியவனைக் கடந்து இலாபம் பெறுபவன்மீது நம் பார்வை செல்கிறது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. குருநகரிலும் அத்தொழில் நடந்ததுண்டு என்ற உண்மையை இம்மூன்று வாசகங்களில் எது மறைக்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

செய்யுளுக்குப் பொருள் கூறப் பயிற்றும் நம் பள்ளிகள், படத்தையும் வாசகத்தையும் பிரித்துப் படிக்கவும் பயிற்றுதல் வேண்டும். எழுதியவர் யார், எள்ளப்படுபவர் யார், அதனால் பயனடைபவர் யார் என்று வினவக் கற்ற மாணவன், அடுத்தவருக்கு அதனை அனுப்புமுன் சற்றே சிந்திப்பான்.